ஒரு பக்கம் மட்டும் கடிக்கும் சக்கரம்

அக்காவின் கணவரோடு கூட்டுச் சேர்ந்து பட்டறை நடத்தியவன் நான். இதைச் சொன்னாலே பாதிக் கதையைச் சொன்ன மாதிரிதான். வெளியாளோடு தொழில் செய்தால், கோபம் வரும்போது நாலு வார்த்தை கேட்டுவிடலாம். இவர் என்னைவிட வயதில் மூத்தவர். நான் மாமா என்று கூப்பிடுகிறவர். மத்தியானச் சாப்பாடு எங்கள் இருவருக்கும் அவர் வீட்டிலிருந்துதான் வரும். நான் ஒரு சொல் கூடுதலாகப் பேசினால் அன்று சாயங்காலமே அது அக்காவின் காதுக்குப் போய்விடும். அதனால் பல வருஷம் வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு ஸ்பானர் பிடித்தேன்.

எங்கள் பட்டறை உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டுக்குப் பஸ் போகிற சாலையில் இருந்தது. தகரக் கொட்டகை, முன்னால் கொஞ்சம் காலி இடம். பெரும்பாலும் டிராக்டர் வேலை. எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடையில்தான் அந்த டோசர் வந்து சேர்ந்தது. மானாம்பதிக்காரர் ஒருவர் அதைப் பழைய வண்டியாக வாங்கி, மேடு பள்ளமான நிலங்களை நிரவிக் கொடுக்கும் வாடகை வேலைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாகவே பின்பக்கத்தில் சங்கு ஊதுகிற மாதிரி ஒரு சத்தம் வந்ததாம். யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு நாள் டமார் என்று ஏதோ முறிந்து வண்டி கழனியிலேயே நின்றுவிட்டது. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் இடத்தில் இறக்கினார்கள்.

பின்பக்க மூடியைத் திறந்து பார்த்தோம். இஞ்சினிலிருந்து வரும் சுழற்சியை இரண்டு பக்கச் சங்கிலிக்கும் திருப்பிக் கொடுக்கிற பெரிய பல்சக்கரம் உள்ளே இருந்தது. அதைக் கிரவுன் வீல் என்போம். அதோடு கோர்த்துச் சுழலும் சின்னச் சக்கரம் பினியன். கிரவுன் வீலில் நிறையப் பற்கள் வெளிநுனியில் உடைந்து எண்ணெய்க்குள் கிடந்தன. வீலை அச்சோடு பிடித்திருந்த போல்ட்டுகளில் ஒரு பக்கத்தில் அடுத்தடுத்து மூன்று அறுந்திருந்தன.

சக்கரமும் பினியனும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். அந்த வண்டிக்குப் புதுசு கிடைக்காது. நான் சென்னைக்குப் போய், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற கடைகளில் அலைந்து, தேயாத ஒரு ஜோடியைக் கண்டுபிடித்து லாரியில் போட்டு அனுப்பினேன். பேரிங் வாங்குவதற்காக அங்கேயே இன்னும் கொஞ்சம் தங்க வேண்டியதாகிவிட்டது. நான் திரும்பி வருவதற்குள் மாமா அறுந்த போல்ட்டுத் துண்டுகளைக் குடைந்து எடுத்து, அந்த இடங்களுக்குப் புது போல்ட் வாங்கி, வீலை அச்சில் மாட்டி முடித்திருந்தார்.

"ஒண்டியாளா எறக்கிட்டேன் பாத்தியா மச்சான்?" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது. இனி இரண்டே நாளில் வண்டி போய்விடும் என்று நினைத்தேன்.

பல்லும் பல்லும் எப்படிச் சேர்கின்றன என்று பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு. பெயிண்ட் கடையில் விற்கும் சிவப்பு ஈயப் பொடியை எண்ணெயில் குழைத்துக் கிரவுன் வீலின் பற்களில் மெல்லிசாகப் பூச வேண்டும். பிறகு பினியனைக் கையால் சுற்றினால், எந்த இடத்தில் பல் உரசுகிறதோ அந்த இடத்தில் சிவப்பு அழிந்து இரும்பு பளபளக்கும். அந்த அடையாளம் பல்லின் நடுவில் விழுந்தால் நல்லது. வெளிநுனியில் விழுந்தால் மொத்தப் பாரத்தையும் அந்த நுனியே தாங்கி, கொஞ்ச நாளில் உடைந்துவிடும். அடையாளத்தை நகர்த்த, பேரிங் பக்கம் ஷிம் என்கிற காகிதம் போன்ற தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ போட வேண்டும். ஒவ்வொரு முறையும் பாதி வண்டியைக் கழற்றி மாட்டுகிற வேலை அது.

நான் பூசினேன். மாமா சுற்றினார். அடையாளம் வெளிநுனியில் விழுந்தது. ஷிம்மை மாற்றினோம். மறுபடி பூசியது மாமா.

"ஃபஸ்ட் கிளாஸா கீது மச்சான். நட்ட நடுவுல கீது. மூடிடலாம்."

எட்டிப் பார்த்தேன். நடுவில்தான் இருந்தது. எதற்கும் இன்னொரு முறை என்று நான் துடைத்துவிட்டுப் பூசினேன். உள்நுனியில் விழுந்தது.

"இன்னா மாமா, இங்க பாருங்க. உள்ள போயிடிச்சி."

"நீ அயுத்திப் பூசிட்ட. அத்தான் அப்படிக் காட்டுது."

அவர் துடைத்துவிட்டுப் பூசினார். நடுவில் விழுந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். மறுநாள் காலையில் அவர் வருவதற்கு முன்பே நான் பூசிப் பார்த்தேன். வெளிநுனி. அவர் வந்து பூசினார். நடு.

இப்படியே போனது. ஒரே சக்கரம், ஒரே சிவப்பு, ஒரே எண்ணெய். அவர் கைக்கு ஒழுங்காக வருகிறது, என் கைக்கு வருவதில்லை. நான் ஷிம்மை மாற்றச் சொல்வேன். அவர், "எதுக்கு? சரியாத்தான கீது" என்பார். நான் விடமாட்டேன். கழற்றுவோம், மாட்டுவோம். மாட்டி முடித்ததும் அவர் பூசினால் கெட்டுப் போயிருக்கும். "பாத்தியா, நல்லா இருந்தத நீதான் கெடுத்த" என்பார். திரும்பவும் கழற்றுவோம். விரல் நகங்களுக்குள் ஏறிய சிவப்பு சோறு பிசையும்போதும் போகவில்லை.

இதற்கு நடுவில் டோசர்காரர். தினமும் காலையில் நாஷ்டா முடித்துவிட்டு சைக்கிளில் வந்துவிடுவார். ஒரு டயரைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வார்.

"இன்னாப்பா, ஆச்சா? கோட போயிக்கினே கீது. ஒரு மய வுயுந்திச்சின்னா கயனில வண்டி எறக்க முடியாது."

"ஆயிடும் நைனா, ஆயிடும்" என்று மாமா சொல்வார்.

"இவரு ஆச்சின்றாரு, நீ ஆவலன்ற. ஒங்க ரெண்டு பேருக்குள்ள இன்னா பேஜாரு?"

அவரிடம் என்னத்தைச் சொல்வது? நான் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன். சூடான இரும்புக்குக் கீழே படுத்திருப்பது அவர் முகத்தைப் பார்ப்பதைவிட நன்றாக இருந்தது.

கடைசியில் நானும் மாமாவும் நேராகப் பேசிக்கொள்வதையே விட்டுவிட்டோம். சாப்பாடு கொண்டுவரும் அக்காவிடம் அவர் சொல்வார்: "ஒன் தம்பிகிட்ட சொல்லு, பல்ல முறைச்சிப் பாத்துக்கினே கீறதால ஒண்ணும் நடக்காது." நான் ஓரடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பேன். அக்கா தூக்குச்சட்டியைத் தரையில் வைத்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் காது கேக்குதில்ல? அப்புறம் நான் இன்னாத்துக்கு நடுவுல?" என்று போய்விடுவாள்.

ஒரு நாள் பற்களைத் துடைக்க மண்ணெண்ணெய் இல்லை. ரேஷன் கடையில் வரவில்லை என்றார்கள். அக்கா வீட்டிலும் இல்லை.

"அடுப்புக்கே கிருஷ்ணாயில் இல்லாம நான் தெனறிக்கினு கீறேன். ஒன் சக்கரத்துக்கு வேற கொடுக்கணுமா?" என்று கத்தினாள்.

சரி, துடைக்காமலே பூசித் தொலைப்போம் என்று, அன்று காலையில் மாமா பூசிய பற்களை அப்படியே விட்டுவிட்டு, வேறு பற்களில் பூசினேன். சுற்றினேன். வழக்கம்போல வெளிநுனி. எரிச்சலில் பினியனை வேகமாகச் சுற்றினேன். சக்கரம் பாதி திரும்பி, மாமா பூசிய பற்கள் மேலே வந்தன. அவற்றில் அடையாளம் நடுவில் இருந்தது. இன்னும் பாதி சுற்றினேன். என்னுடைய பற்கள் வந்தன. வெளிநுனி.

ஒரே வீல். ஒரு பக்கம் சரி, எதிர்ப்பக்கம் தப்பு. அப்போதுதான் மாமாவின் பழக்கம் நினைவுக்கு வந்தது. எங்கே பூசினோம் என்று தெரிவதற்காக அவர் ஒரு பல்லின்மேல் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார். எப்போதும் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நாலைந்து பற்களில்தான் பூசுவார். நானோ வீல் நின்ற இடத்தில் எந்தப் பல் மேலே இருக்கிறதோ அதில் பூசுவேன். அவர் பார்த்த பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தினம் ஒரு பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. சக்கரமே நேராக உட்காரவில்லை. சாய்ந்து, ஆடியபடி சுற்றுகிறது. எத்தனை ஷிம் போட்டாலும் ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் கெடத்தான் செய்யும்.

நானே மாமாவிடம் போய்ச் சொன்னேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு நேராகப் பேசியது அப்போதுதான். அவர் வந்து பார்த்தார். எல்லாப் பல்லிலும் பூசிச் சுற்றினோம். அடையாளம் வெளிநுனியில் தொடங்கி, மெல்ல மெல்ல நடுவுக்கு வந்து, உள்நுனிக்குப் போய், திரும்பி வந்தது. ஒரு கம்பியை வண்டியின் உடம்போடு இறுக்கிக் கட்டி, அதன் முனையை வீலின் முதுகுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். வீல் சுற்றச் சுற்ற இடைவெளி குறைந்தும் கூடியும் வந்தது கண்ணுக்கே தெரிந்தது.

"அப்ப வீலு கோணல்" என்றார் மாமா. "நீ மெட்ராஸ்ல இருந்து வாங்கினு வந்த வீலு கோணல்."

"வீலு ஏன் கோணலா இருக்கணும் மாமா? மாட்டினது கோணலா இருக்கலாமில்ல?"

"நான் இன்னாத்தக் கோணலா மாட்டறது? போல்ட்டுப் போட்டா தானா ஒக்காந்துக்கப் போவுது."

வந்த கோபத்தில் வீலைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, தோளில் தூக்கிக்கொண்டு காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். பஸ் நிறையக் கூட்டம். கண்டக்டர் சாக்கைக் காலால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

"உள்ள இன்னாய்யா கீது, அம்மிக்கல்லா? படியாண்ட வெக்காத, தள்ளு அப்பால."

எங்கே தள்ளுவது? ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் காலைத் தூக்கிக்கொண்டார். சாக்கை அதற்குக் கீழே தள்ளினேன். ஊர் போய்ச் சேரும்வரை அவர் காலைத் தூக்கியபடியே என்னை முறைத்துக்கொண்டு வந்தார்.

காஞ்சிபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு லேத் பட்டறை இருந்தது. லேத்காரர் கையிலிருந்த வேலையை முடித்துவிட்டு வருவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. வீலை லேத்தில் பிடித்து, ஆட்டம் காட்டும் டயல் வைத்துச் சுற்றிப் பார்த்தார். முள் அசையவே இல்லை.

"நல்லா நேராத்தான கீது. இதுக்கா தூக்கினு வந்த?" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் எப்படியெல்லாம் பேசுவது என்று வாக்கியங்களைக் கோர்த்துக்கொண்டே வந்தேன். பட்டறையில் இறங்கியதும், "வீலு நேராத்தான் கீது மாமா" என்று மட்டும்தான் சொன்னேன்.

"அப்டின்னா அச்சு கோணல்" என்றார் அவர் உடனே.

வீல் உட்காருகிற அச்சின் முகத்தில் கம்பியை வைத்துச் சுற்றிப் பார்த்தோம். அதுவும் நேராக இருந்தது. கொஞ்சம்கூட ஆட்டமில்லை. எனக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. வீல் நேர். அச்சு நேர். இரண்டையும் சேர்த்தால் கோணல். நடுவில் அழுக்கு, பிசிர் ஏதாவது இருக்கிறதா என்று விரலால் தடவினோம். துணியால் துடைத்தோம். எதுவுமில்லை. டயரில் உட்கார்ந்திருந்த டோசர்காரர் சிரித்தார். "மாப்ளையும் நல்லவன், பொண்ணும் நல்லவ. சேந்து வாயத் தெரில" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த முறை நானே கூட இருந்து மாட்டினேன். வீலின் துளை அச்சில் நல்ல இறுக்கம். மரக்கட்டையை வைத்துச் சுற்றிலும் தட்டித் தட்டித்தான் இறக்க வேண்டும். கடைசி மயிரிழை தூரம் தட்டினால் போகாது, போல்ட்டுகள்தான் இழுத்து உட்காரவைக்க வேண்டும். எல்லா போல்ட்டையும் முறுக்கினோம். ஸ்பானரில் பைப்பைச் சொருகி இரண்டு பேரும் தொங்கினோம். மறுபடி கம்பியை வைத்துச் சுற்றினால், அதே ஆட்டம், அதே இடத்தில்.

எங்களிடம் இருந்ததிலேயே மெல்லிய அளவுத் தகட்டை எடுத்து, வீலும் அச்சும் சேரும் விளிம்பில் சுற்றிலும் நுழைத்துப் பார்த்தேன். எங்கேயும் நுழையவில்லை. ஒரே ஓரத்தில் மட்டும் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி உள்ளே போனது. அந்த ஓரத்தில் வீல் உட்காரவே இல்லை.

"இந்த எடத்துல போல்ட்டு லூசு மாமா."

"எங்க லூசு? நீயே முறுக்கிப் பாரு."

முறுக்கினேன். ஒரு இம்மிகூட நகரவில்லை. கல் மாதிரி இறுகியிருந்தது. பக்கத்தில் இருந்த மற்ற இரண்டும் அப்படியே. போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றன, ஆனால் வீலைப் பிடிக்கவில்லை. அது எப்படி? அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். போல்ட் எதைத்தான் பிடித்துக்கொண்டு இறுகுகிறது?

எழுந்து அதைக் கழற்றினேன். முனையைப் பார்த்தேன். கடைசி மரை நசுங்கி, முனை மட்டும் கண்ணாடி மாதிரி மின்னியது. அச்சிலுள்ள துளைகள் ஒரு முனை மூடிய துளைகள். போல்ட் உள்ளே போய் அடியில் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. நாங்கள் பைப் போட்டுத் தொங்கியதெல்லாம் துளையின் அடிப்பாகத்தோடு நடத்திய மல்யுத்தம்தான். பழைய போல்ட் ஒன்றைக் கழற்றிப் பக்கத்தில் நிறுத்தினேன். புதுசு அதைவிட இரண்டு மரை அதிக நீளம். அறுந்த மூன்றுக்குப் பதிலாக மாமா வாங்கி வந்த மூன்றுமே அப்படித்தான். மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால் வீல் அந்த ஓரத்தில் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது.

இரண்டு போல்ட்டையும் உள்ளங்கையில் நிறுத்தி அவருக்குக் காட்டினேன். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று தெரியும்.

மாமா இரண்டையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு மரதான மச்சான்" என்றார். பிறகு, "கடக்காரன் மாத்திக் குட்த்துட்டான். அதே அளவுன்னு சொல்லித்தான் குட்த்தான். இப்பல்லாம் யாரத்தான் நம்பறது?" என்றார்.

பழைய போல்ட்டைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பார்த்து வாங்கினீர்களா என்று கேட்க வாய் வரை வந்தது. அக்கா அந்த நேரம் பார்த்துத் தூக்குச்சட்டியோடு வந்து நின்றாள். கேட்கவில்லை.

"வாஷர் போட்ருவோம். ஒயரத்துக்குச் சரியாப்பூடும்" என்றார் மாமா.

"வாஷர் போட்டா போல்ட்டுத் தல மேல வந்து மூடில இடிக்கும் மாமா."

"இடிக்காது."

"இடிக்கும்."

வாஷரைப் போட்டுச் சுற்றிக் காட்டினேன். இடித்தது. அதற்கப்புறம்தான் போல்ட்டின் நீளத்தைக் குறைக்க ரம்பத்தைக் கையில் எடுக்கவிட்டார். அந்த போல்ட்டோ நல்ல கெட்டி எஃகு. பிளேடு பல்லிளித்தது. ஒன்று மாற்றி ஒன்று உடைந்தது. நான் அறுக்க, அவர் அரத்தால் முனையைத் தேய்த்தார். அன்று முழுக்க அந்த மூன்று போல்ட்டோடு போயிற்று. ஆனால் முறுக்கியபோது கைக்கே வித்தியாசம் தெரிந்தது. முன்பு டக்கென்று நின்றது, இப்போது மெதுவாக இழுத்துக்கொண்டே போய் இறுகியது. தகடு எங்கேயும் நுழையவில்லை.

எல்லாப் பற்களிலும் பூசிச் சுற்றினோம். எல்லாவற்றிலும் அடையாளம் வெளிநுனியில் விழுந்தது. எல்லாம் ஒரே மாதிரி தப்பாக இருந்தன. அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை என்னவென்று சொல்வது? ஒரே மாதிரி தப்பாக இருந்தால் ஒரே முறையில் திருத்திவிடலாம். நாங்கள் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைத்த ஷிம்களையெல்லாம் எடுத்துவிட்டு, கணக்குப் பார்த்துப் போட்டோம். மறுபடி பூசினோம். வீல் முழுக்கச் சுற்றிலும் பல்லின் நடுவில், அச்சடித்த மாதிரி அடையாளம். மாமாவும் குனிந்து, வீலை இன்னொரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

மூடி, எண்ணெய் ஊற்றி, டோசர்காரரின் டிரைவரை வரவழைத்து வண்டியைக் கிளப்பினோம். காலி இடத்தில் முன்னும் பின்னும் ஓட்டினான். இஞ்சின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. பின்னால் வரும்போது மட்டும் லேசான ஒரு முனகல். பழைய சக்கரம்தானே.

இறங்கி வந்த டிரைவரின் முகம் நன்றாக இல்லை. டோசர்காரரிடம் ஏதோ சொன்னான். அவர் எங்களிடம் வந்தார்.

"இன்னாப்பா, அந்தச் சங்கு ஊதற சத்தமே காணோம்? எதுனா மாட்டாம வுட்டுட்டீங்களா?"

"சத்தம் இல்லாம செய்யத்தான நைனா இத்தினி நாளா அடிச்சிக்கினோம்?"

"அது சரி. ஆனா அந்தச் சத்தத்த வெச்சித்தான் வண்டி எவ்ளோ பாரம் இயுக்குதுன்னு இவன் தெரிஞ்சிக்குவானாம். இப்ப ஒண்ணும் புரியலன்றான்."

எத்தனை நாள் உழைப்பு. காஞ்சிபுரம் பஸ்ஸில் அந்தப் பெரியவரின் முறைப்பு. நகத்துக்குள் ஏறிய சிவப்பு. எல்லாம் முடிந்து, பழைய சத்தம் எங்கே என்று கேட்கிறார்கள். ஸ்பானரைப் பெட்டியில் போட்டுவிட்டு நகர்ந்தேன்.

பின்னால் மாமா அவருக்கு விளக்குவது கேட்டது. "இங்க பாரு நைனா. ஒரு பல்ல பாத்துட்டு முடிவு பண்ணக் கூடாது. சுத்தி எல்லாப் பல்லையும் பாக்கணும். ஒரு பக்கம் சரி, ஒரு பக்கம் தப்புன்னா வீலே சரியா ஒக்காரலன்னு அர்த்தம். அத்தப் புரிஞ்சிக்கத்தான் இவ்ளோ நாளு ஆச்சி. அனுபவம் வோணும் இதுக்கெல்லாம்."

டோசர்காரர் பயபக்தியோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் நேராக அக்கா வீட்டுக்குப் போய், நான் செங்கல்பட்டில் தனியாகப் பட்டறை போடப் போகிறேன் என்று சொன்னேன். நடந்ததையெல்லாம் கொட்டினேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அவரு எங்கிட்டயும் அப்டித்தான்டா" என்றாள். "நான் வெக்கிற கொயம்ப நாலு பேர்கிட்ட அவரு வெச்சதாச் சொல்லுவாரு. போறதுன்னா போ. நான் எங்க போறது?"

நான் போகவில்லை. அடுத்த வாரமே ஒரு டிராக்டர் வந்தது. கியர் விழவில்லை. கிளட்ச்தான் காரணம் என்று நான் சொன்னேன். இல்லை என்றார் மாமா.